உடம்போடு இருக்கும் கருவிக்கு எந்த மின்சாரம்? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

காதுக் கருவி, செயற்கைக் கால், இதயத்துக்குத் துணை நிற்கும் பம்ப், இரவில் மூச்சுக்கு உதவும் இயந்திரம், இன்னும் சில ஆண்டுகளில் வீட்டுக்குள் நடமாடப்போகும் ரோபோ. இவற்றுக்கெல்லாம் எதிர்காலத்தில் மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதை ஆய்வுக்கூடத்துக் கேள்வியாகவே பலர் பேசுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நமக்கு இது வீட்டுக் கேள்வி. எங்கள் கோயிலின் மூத்தோர் உதவிக் குழு, திரட்டிய பணத்தில் முதியவர்களுக்குக் கருவிகள் வாங்கித் தர முடிவு செய்திருக்கிறது. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். எந்த வகை மின்சாரத்தில் ஓடுவதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். வாங்கும் கருவி பல ஆண்டுகள் ஒருவருடைய உடம்போடு இருக்கும். ஆகவே இன்று கடையில் இருப்பதோடு, அடுத்து வரப்போவதையும் சேர்த்தே எடைபோட்டேன்.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே எண்தான்: ஒருமுறை நிரப்பினால் எத்தனை மணி நேரம் ஓடும். 2008 முதல் லோட்ஷெட்டிங்கோடு, அதாவது பற்றாக்குறையால் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் வழக்கத்தோடு, பழகிய ஊரில் அந்த எண் எனக்குப் போதவில்லை. நான் கேட்பவை வேறு இரண்டு. தீர்ந்துபோனால் யார், எதை வைத்து, எவ்வளவு நேரத்தில் நிரப்புவார்? தீர்ந்த அந்த நிமிடத்தில், அணிந்திருப்பவரின் உடம்புக்கு என்ன ஆகும்? 2023-இன் மோசமான மாதங்கள் போய்விட்டன, 2024 மார்ச் இறுதியிலிருந்து நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் கேபிள் திருட்டு, துணைமின் நிலையப் பழுது, 2022 ஏப்ரல் வெள்ளம் போன்றவை எந்த அட்டவணையையும் பார்த்து வருவதில்லை. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் தனியாக வாழும் முதியவருக்கு இந்த இரண்டு கேள்விகளும்தான் முக்கியம்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிவாட், பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோவாட். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கருக்கு 10 முதல் 20 மைக்ரோவாட் போதும். காதுக் கருவிக்கு இரண்டு மில்லிவாட் அளவில் வேண்டும். திறன்கடிகாரத்துக்கு (ஸ்மார்ட்வாட்ச்) சராசரியாக 30 மில்லிவாட். இதயப் பம்புக்குச் சில வாட். மூச்சுக்கு உதவும் சீபேப் இயந்திரத்துக்கு 30 முதல் 60 வாட். மனித உருவில் நடக்கும் ரோபோவுக்குச் சில நூறு வாட். அடியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ இரண்டு கோடி மடங்கு வேறுபாடு. எல்லாவற்றுக்கும் ஒரே அற்புத பேட்டரி வரப்போகிறது என்று யாராவது சொன்னால், இந்த எண்ணை அவர் முன்னால் வைத்துவிடுங்கள்.

குழுவின் பட்டியலில் அதிகம் இருப்பது காதுக் கருவி. ஆகவே அதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன். இன்று கடையில் இரண்டு வகை: பட்டன் அளவில் கழற்றி மாட்டும் துத்தநாகக் காற்று பேட்டரி போட்டவை, உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்துச் சார்ஜரில் போடுபவை. துத்தநாகக் காற்று பேட்டரி பழைய தொழில்நுட்பம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதன் ஒட்டுத்தாளை உரித்ததும் சிறு துளைகள் வழியாக வெளிக்காற்றின் ஆக்சிஜன் உள்ளே போய்த் துத்தநாகத்தோடு வினைபுரிகிறது. வினைக்கு வேண்டிய பொருளில் பாதியைக் காற்றே தந்துவிடுவதால், மீதி இடம் முழுவதும் துத்தநாகத்துக்குக் கிடைக்கிறது. பழுப்பு ஒட்டுத்தாள் உள்ள 312 அளவு பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவைக் கன அளவால் வகுத்தால் லிட்டருக்கு 1200 வாட்-மணிக்குப் பக்கத்தில் வருகிறது (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் ஓடத் தேவையான ஆற்றலே ஒரு வாட்-மணி). ஜப்பானின் டிடிகே நிறுவனம் காதுக்கருவிகளையும் அணிகருவிகளையும் குறிவைத்து 2024 ஜூனில் அறிவித்த திடநிலை பேட்டரிப் பொருளின் இலக்கு லிட்டருக்கு 1000 வாட்-மணி. அதுவே பெருஞ்சாதனை என்று கொண்டாடப்பட்டது. கடையில் அட்டையோடு தொங்கும் இந்தப் பழைய சரக்கு அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது.

குறைகளும் உண்டு. உரித்த பிறகு கருவியைப் போட்டாலும் போடாவிட்டாலும் அது தேய்ந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒன்று வாங்க வேண்டும். டர்பனின் ஈரக்காற்று அந்தத் துளைகளுக்கு நல்லதல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை விரல்கள். எண்பது வயதில் கை நடுங்கும் ஆயாவிடம் எட்டு மில்லிமீட்டர் வட்டத்தைக் கொடுத்து மாட்டச் சொல்வது கொடுமை. பேரக் குழந்தைகள் விழுங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் நம் பகுதி மருந்துக்கடைகள் பல சூறையாடப்பட்டு மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கடையை நம்பும் கருவி கடை இருக்கும்வரைதான் ஓடும்.

சார்ஜரில் போடும் வகை விரலுக்கு எளிது. இரவில் பெட்டிக்குள் வைத்தால் காலையில் தயார். ஆனால் பகல் முழுவதும் ஓடி இரவில் தீரும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். ஓர் இரவு மின்சாரம் இல்லையென்றால் மறுநாள் காது இல்லை. உள்ளே இருக்கும் பேட்டரி நான்கைந்து ஆண்டில் தளரும்போது வீட்டில் மாற்ற முடியாது, கருவியையே அனுப்ப வேண்டும். மின்சாரம் திரும்பி வரும்போது பாயும் உயர் மின்னழுத்தம் சார்ஜரைச் சுட்டுவிடுவதும் எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும் பழுது.

இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. சார்ஜர் பெட்டிக்குள்ளேயே தனி பேட்டரி வைத்து, சுவர் மின்சாரம் இல்லாமலே கருவியைப் பல முறை நிரப்பும் மாடல்கள் வந்துவிட்டன. பெட்டியை பவர்பேங்கிலும் காரிலும் சின்னச் சூரியத் தகட்டிலும் போடலாம். விரல் வலுவாக இருப்பவர்களுக்குத் துத்தநாகக் காற்று, மற்றவர்களுக்கு இந்தப் பெட்டி என்பது என் பரிந்துரை. சுவரில் செருகினால் மட்டுமே வேலை செய்யும் சார்ஜர் உள்ளது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்து, பலரும் ஆசையோடு கேட்பது: உடம்பே மின்சாரம் தராதா? தரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 1998-இல் செய்கோ நிறுவனம் மணிக்கட்டின் சூட்டில் ஓடும் கைக்கடிகாரத்தை விற்றது. ஆனால் வெப்பத்தை மின்சாரமாக்க வெப்ப வேறுபாடு வேண்டும். தோல் 34 டிகிரி, ஜோகன்னஸ்பர்க்கின் குளிர்கால ஜூலைக் காலை 10 டிகிரி என்றால், இயற்கை விதி அனுமதிக்கும் உச்ச வரம்பு சுமார் 8 சதவீதம். அதே தோல் டர்பனின் பிப்ரவரியில் 30 டிகிரி காற்றில் இருந்தால் வரம்பு 1.3 சதவீதம். உண்மையான கருவிகள் இந்த வரம்பில் சிறு பங்கையே எட்டும். கடிகாரம் மூடும் தோல் பரப்பிலிருந்து நம் கோடையில் ஒரு மில்லிவாட்டுக்கும் கீழேதான் கிடைக்கும், திறன்கடிகாரத்துக்கோ 30 வேண்டும். குளிர்நாட்டு ஆய்வறிக்கையைப் படித்துவிட்டுக் கடற்கரை ஊரில் பணத்தைப் போடக்கூடாது.

நடையிலிருந்து எடுப்பது இதைவிட நம்பிக்கை தருகிறது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் டொனலன் குழுவினர் 2008-இல் முழங்காலில் மாட்டும் மின்னாக்கியைக் காட்டினார்கள். ஒவ்வோர் எட்டின் முடிவிலும் காலை நிறுத்துவதற்குத் தசை எப்படியும் உழைக்கிறது. அந்த வேலையைக் கருவி பங்குபோட்டுக்கொண்டு இரண்டு காலிலும் சேர்த்து 5 வாட் தந்தது. ஒரு மணி நேர நடைக்கு 5 வாட்-மணி என்றால் கைபேசி கால் பங்கு நிறையும். ஆனால் அன்றைய கருவி காலுக்கு 1.6 கிலோ. முழங்கால் வலிக்கு மருந்து தேடும் பெரியம்மாவிடம் இதைப் பேசவே முடியாது. மலையேறுபவர், படைவீரர், எதிர்காலத்தில் மின்னூக்கச் சட்டகம் அணிந்து துறைமுகத்தில் சுமை தூக்கப்போகும் இளைஞர் ஆகியோருக்கு இது பொருந்தும். இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலை ஏறும்போது திருப்பித் தரும் செயற்கை முழங்கால் என்பது நான் ஆவலோடு எதிர்பார்க்கும் ஒன்று.

இரத்தத்தின் சர்க்கரையை எரிபொருளாக்கும் செல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. ஒரு கிராம் சர்க்கரையில் 4.6 வாட்-மணி ஆற்றல் உண்டு. நல்ல லித்தியம் பேட்டரியின் ஒரு கிராமில் இருப்பது கால் வாட்-மணி மட்டுமே. நம் முன்னோர் 1860 முதல் வெட்டிய கரும்புக்குள் இருந்த ஆற்றல் அவ்வளவு. 2022-இல் எம்ஐடியும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 400 நானோமீட்டர் தடிமனில் செய்து காட்டிய பீங்கான் செல், சதுர சென்டிமீட்டருக்கு 43 மைக்ரோவாட் தந்தது. பேஸ்மேக்கருக்கு அது போதுமான அளவு. உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் அடைபடாமல் ஓடுமா என்பதற்கு இன்னும் விடை வேண்டும். ஆனால் ஒரு தவறான நம்பிக்கையை இப்போதே களைந்துவிட விரும்புகிறேன். இந்த செல் சர்க்கரை நோயைக் குறைக்காது. ஒரு முழு வாட் எடுத்தாலும், ஒரு துளி வீணாகாமல் மாற்றினாலும், ஒரு நாளுக்கு அது எரிக்கக்கூடியது 5 கிராம் சர்க்கரை. மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்துவதற்கு இது காரணமாகவே ஆகக்கூடாது.

அணு பேட்டரி என்றதும் குழுவில் ஓர் அண்ணன் கண் விரிந்தது. ‘50 ஆண்டுக்கு சார்ஜ் வேண்டாமாமே’ என்றார். சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்த பிவி100 பற்றிய செய்தி அது. நிக்கல்-63 என்ற கதிரியக்கத் தனிமம் வெளியிடும் எலெக்ட்ரான்களை வைரத் தகடு மின்சாரமாக்குகிறது. அளவு 15, 15, 5 மில்லிமீட்டர். திறன் 100 மைக்ரோவாட். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு காதுக் கருவிக்கு இதில் குறைந்தது இருபது செல்கள் வேண்டும், அவை 312 பேட்டரியைப்போல் நூறு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். 50 ஆண்டில் ஒரு செல் தரும் மொத்த ஆற்றல் அதிகம் போனால் 44 வாட்-மணி, அதாவது கைபேசியை இரண்டு முறை நிரப்பும் அளவு. இது மெல்லச் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய். அவசரத்துக்கு வாளி நிறையாது.

ஆனாலும் பேஸ்மேக்கர் போன்ற மிகச் சிறு தேவைக்கு அது பொருந்தும், முன்பே பொருந்தியும் இருக்கிறது. உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் 1958-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சனுக்குப் பொருத்தப்பட்டது. வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் நிக்கல்-காட்மியம் பேட்டரி, சில மணி நேரத்தில் நின்றது. 1970-இல் பாரிஸில் புளூட்டோனியம்-238 வைத்த பேஸ்மேக்கர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதன் அரைவாழ்வு, அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 88 ஆண்டு, மனித ஆயுளைத் தாண்டிவிடும். 1972-இல் வில்சன் கிரேட்பேட்ச் கொண்டுவந்த லித்தியம்-அயோடின் பேட்டரி பத்தாண்டு தாங்கியதும் புளூட்டோனியத்தின் தேவை போய்விட்டது. பத்தாண்டில் கருவியின் மின்னணுப் பகுதியும் பழசாகிவிடுகிறது, ஆகவே அதைவிட நீண்ட ஆயுளால் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. நம் வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் தகனம் செய்பவர்கள். சாதாரண லித்தியம் பேஸ்மேக்கரே தகன உலையில் வெடிக்கக்கூடியது, முன்னதாக எடுத்துவிட வேண்டும். அதை இறுதிச் சடங்கு செய்பவரிடம் குடும்பம் சொல்லியாக வேண்டும். துக்கத்தில் மறந்துவிடும் விஷயம் இது. கதிரியக்கப் பொருள் உள்ளே இருந்தால் அந்த மறதியின் விலை இன்னும் பெரிது.

உடம்புக்குள் சில வாட் வேண்டும் என்றால் நிலைமை மாறுகிறது. 1967 டிசம்பர் 3-இல் கேப்டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவை செய்த நாடு இது. தானமாகக் கிடைக்கும் இதயங்கள் இன்றும் தேவையைவிடக் குறைவு. காத்திருப்பவர்களை உயிரோடு வைத்திருக்கும் பம்புகளுக்கு வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் ஒயர் வழியாக மின்சாரம் போகிறது. அந்தத் துளைதான் தொற்றுக்கு வாசல். 2001-இல் அபியோகார் செயற்கை இதயம் ஒயரே இல்லாமல், தோலுக்கு வெளியே ஒரு கம்பிச்சுருள், உள்ளே ஒரு சுருள் என்று மின்சாரத்தைக் கடத்திக் காட்டியது. உள்ளே ஒரு சின்ன பேட்டரியும் இருந்தது, சுமார் அரை மணி நேரம் தாங்கும். காது நரம்பைத் தூண்டிக் கேட்கவைக்கும் காக்ளியர் கருவிகள் பல்லாண்டாக இப்படித்தான் இயங்குகின்றன: தலைக்குள் பேட்டரியே கிடையாது, காதுக்குப் பின்னால் மாட்டிய வெளிப்பகுதிதான் தோல் வழியாக ஊட்டுகிறது. இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தேய்வதும் தீர்வதும் வெளியே இருக்கின்றன, மாற்ற அறுவை வேண்டாம். எந்திரத்தோடு இணைந்து வாழும் மனிதருக்கு வருங்கால வழி இதுவே என்று நம்புகிறேன்.

கைகால் கருவிகளில் பேட்டரியே வேண்டாம் என்ற தேர்வும் இருக்கிறது. அதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. மரவேலையில் விரல்களை இழந்த ரிச்சர்ட் வான் ஆஸ், அமெரிக்காவின் ஐவன் ஓவனோடு சேர்ந்து முப்பரிமாண அச்சில் உருவாக்கிய ரோபோஹேண்ட் மணிக்கட்டின் அசைவிலேயே விரல்களை மூடும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. வளரும் குழந்தைக்கு மறுபடி மறுபடி அச்சிட்டுத் தரலாம். தசை மின்குறிப்பில் இயங்கும் கை அழகானது, நுட்பமானது, தினமும் சார்ஜ் கேட்பது. தோட்ட வேலையும் சமையலும் செய்பவருக்கு நான் முதலில் மின்சாரம் இல்லாத கையைத்தான் சொல்வேன். காலில் கதை வேறு. 1997-இல் வந்த சி-லெக் போன்ற கணினி முழங்கால் படியில் தடுக்கி விழாமல் காக்கிறது. பேட்டரி தீர்ந்தால் முழங்கால் விறைத்துப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். நடை கடினமாகும், ஆனால் ஆள் விழமாட்டார். தீரும் நேரத்தை முன்கூட்டியே யோசித்துச் செய்த கருவி அது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதற்குச் செலவு செய்யலாம்.

ரோபோவைக் குழு வாங்கப்போவதில்லை, ஆனாலும் கேட்டார்கள். இன்றைய மனித உருவ ரோபோக்கள் ஒரு நிரப்பலில் இரண்டு மணி நேர அளவில்தான் ஓடுகின்றன. பெட்ரோல் எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்க மரீன் படை வீரர்களுக்காகச் செய்த நான்கு கால் சுமைதூக்கி, சத்தம் தாங்காமல் 2015-இல் ஓரங்கட்டப்பட்டது. ஹைட்ரஜனுக்கு நம் நாட்டில் ஆதரவு அதிகம், காரணம் எரிபொருள் செல்லுக்கு வேண்டிய பிளாட்டினத்தில் உலகின் பெரும்பங்கு நம் புஷ்வெல்ட் பகுதியில் தோண்டப்படுகிறது. 2022 மே மாதம் மொகலக்வேனா சுரங்கத்தில் ஹைட்ரஜனும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் ராட்சத லாரி ஓடத் தொடங்கியது. சுரங்கத்தில் நிரப்பு நிலையம் கட்டலாம். வெருலம் வீட்டில் 700 மடங்கு வளியழுத்தத்தில் ஒரு தொட்டியை யார் நிரப்புவது? பிரிட்டோரியாவில் உருவான சீப்ரா என்ற சோடியம்-நிக்கல் பேட்டரியும் நம் பெருமைதான், ஆனால் அது 270 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும், மனிதர் பக்கத்தில் நடமாடும் எந்திரத்துக்கு ஆகாது. லோட்ஷெட்டிங் காலத்தில் நம் வீடுகளுக்கு இன்வெர்ட்டரோடு வந்த லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் சற்றுக் கனமானது, ஆனால் எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான சுழற்சி தாங்கும். முதியவரைத் தூக்கி உட்காரவைக்கும் ரோபோவுக்கு அதுதான் வேண்டும். பேட்டரியைத் தானே கழற்றி மாட்டிக்கொள்ளும் ரோபோவை 2025-இல் சீனாவின் யூபிடெக் காட்டியிருக்கிறது. மணிக்கணக்கைக் கூட்டுவதைவிட அந்தப் பாதை எனக்கு அறிவார்ந்ததாகப் படுகிறது.

குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. காதுக் கருவியில் துத்தநாகக் காற்று வகை, பேட்டரி வைத்த சார்ஜர் பெட்டியோடு வரும் வகை ஆகிய இரண்டு மட்டும். இன்சுலின் பம்ப் வாங்கினால் சாதாரண ஏஏ பேட்டரி போடுவதைப் பாருங்கள், தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். உடல் வெப்பம், அணு, சர்க்கரை செல் எதற்கும் இந்தப் பத்தாண்டில் பணம் ஒதுக்க வேண்டாம். சீபேப் வைத்திருப்பவர்களுக்குப் புது இயந்திரத்தைவிட முதலில் தேவை ஒரு 12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி இரும்பு-பாஸ்பேட் பேட்டரியும் அந்த மாடலுக்குரிய நேர்மின்னோட்ட (டிசி) ஒயரும். 12 வோல்ட் என்று விற்றாலும் அதன் மின்னழுத்தம் 12.8, ஆகவே அதில் 640 வாட்-மணி இருக்கும். 40 வாட் இழுக்கும் இயந்திரம் எட்டு மணி நேரத்துக்கு 320 எடுக்கும், கணக்குப்படி ஏறத்தாழ இரண்டு இரவு போகும். காற்றை ஈரமாக்கும் சூடேற்றி மின்சாரத்தை நிறைய இழுக்கும், டர்பனின் கோடையில் அது இல்லாமல் முடியுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். எந்தக் கருவிக்கும் விலைப்புள்ளி வாங்கும்போது மாற்று பேட்டரியின் விலையையும், அதை இங்கேயே மாற்றித் தருவார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராத கடையில் வாங்க வேண்டாம்.